கட்டுக்கடங்காமல் சாப்பிடுகிறவர்களுக்கு: கைப்பேசி ஆப்பை நான் பயன்படுத்திய விதம்

"ராத்திரி 10.50. சமையலறை. நின்றுகொண்டே. பசி இல்லை. ஒரு பாக்கெட் பிஸ்கட், பாத்திரத்தில் மிச்சமிருந்தது முழுக்க, அப்புறம் டப்பாவிலிருந்து சர்க்கரை, ஸ்பூன் ஸ்பூனாக. நிறுத்த முடியவில்லை."

கைப்பேசி ஆப்பில் நான் எழுதிய முதல் பதிவு இது. விரலில் இருந்த சர்க்கரை திரையில் ஒட்டிக்கொண்டதால் இரண்டு முறை துடைத்துவிட்டு எழுதினேன். எட்டு வருடமாக இப்படிச் சாப்பிட்டு வந்தவள், அன்றுவரை ஒருவரிடமும் இதைச் சொன்னதில்லை. மனஉறுதி இல்லாதவள் என்று என்னையே திட்டிக்கொள்வேன். மறுநாள் மதியச் சாப்பாட்டைத் தவிர்ப்பேன். ராத்திரி மறுபடியும் அதே சமையலறையில் நிற்பேன்.

இதே நிலையில் இருக்கும் ஒருவருக்கு ஆப் எங்கே உதவும், எங்கே கெடுதல் செய்யும் என்று நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: பிஞ்ச் ஈட்டிங். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோயறிதல் கையேட்டில் இதைத் தனி நோயாகச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும், 2022-இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், இது தனியாக இருக்கிறது. விருந்தில் வயிறு முட்டச் சாப்பிடுவதை இப்படிச் சொல்வதில்லை. குறுகிய நேரத்தில், மற்றவர்கள் சாப்பிடுவதைவிட மிக அதிகமாக, நிறுத்த முடியாமல் சாப்பிடுவது. அது வாரம் ஒரு தடவையாவது, 3 மாதமாக நடப்பது. அதனால் மனம் வெகுவாக நோவது. வேகவேகமாகச் சாப்பிடுவது, பசியில்லாமல் சாப்பிடுவது, வெட்கத்தால் தனியாகச் சாப்பிடுவது, பிறகு தன்மேலேயே அருவருப்பு வருவது எல்லாம் இதன் அடையாளங்கள். இந்த வரிகளைப் படித்த அன்று நான் அழுதேன். என் ராத்திரிகளை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதியதுபோல் இருந்தது.

தொடங்கும் முன் ஒன்று. சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறவர்கள், பேதி மாத்திரை போடுகிறவர்கள் ஆப்பை மட்டும் நம்பித் தொடங்கக் கூடாது. உடலில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம்; முதலில் மருத்துவர். இன்சுலின் எடுத்துக்கொள்கிறவர்கள், கர்ப்பிணிகள், 18 வயது ஆகாதவர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்கள், இவர்களுக்கும் அப்படித்தான். மற்றவர்களும் ஒருமுறை மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஆப் தேடும்போது நான் செய்த பெரிய தவறு, எடை குறைக்கும் ஆப்பை இறக்கியது. அது கலோரி கணக்குக் கேட்டது. அளவு மீறினால் எண் சிவப்பாகும். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, "இன்றைக்கு எல்லாம் போச்சு, இனிமேல் எவ்வளவு சாப்பிட்டால் என்ன?" என்பதுதான். அன்று ராத்திரிதான் நான் அதுவரை சாப்பிட்டதிலேயே அதிகமாகச் சாப்பிட்டேன். ஆகவே கலோரி எண்ணும் ஆப் உங்கள் கைப்பேசியில் இருந்தால் இன்றைக்கே நீக்கிவிடுங்கள். உணவுக் கோளாறுகளுக்கென்றே செய்யப்பட்டதைத் தேடுங்கள். ரெக்கவரி ரெக்கார்ட் அப்படி ஒன்று. சாப்பாட்டோடு மனநிலையையும் எழுதச் சொல்லும், சிகிச்சை தருகிறவரோடு பதிவைப் பகிர்ந்துகொள்ளவும் வழி இருக்கிறது. வேறு எதை எடுத்தாலும் மூன்று விஷயம் பாருங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை, அதாவது சிபிடி முறையை, அடிப்படையாகக் கொண்டதா? சாப்பிட்டதோடு இடம், நேரம், மனநிலை எழுத இடம் தருகிறதா? கணக்கை மூடினால் பதிவுகளையும் அழிக்க முடியுமா? கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். பயனர்களின் மனநலத் தகவல்களை விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாக ஓர் ஆன்லைன் ஆலோசனை நிறுவனத்தின்மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்தது. உண்மையான பெயர் கொடுக்காமல், இதற்கென்றே ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கிச் சேருங்கள். அறிவிப்பு வாசகத்தையும் மாற்றிவிடுங்கள். என்னுடையது "நேரமாச்சு" என்று மட்டும் காட்டும். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். எழுதுங்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். ஆப்பின் பலத்தில் பாதி இதில்தான் இருக்கிறது. ராத்திரி படுக்கும்போது மொத்தமாக எழுதலாம் என்று தள்ளிப்போட்டால், அதற்குள் வெட்கம் வந்து பாதியை அழித்துவிடும். "கொஞ்சம் பிஸ்கட்" என்று எழுதுவோம். கைப்பேசி எப்போதும் கையிலேயே இருக்கிறது. சாப்பிடும்போதோ முடித்தவுடனோ எழுதிவிடலாம். அளவைக் கிராமில் எழுத வேண்டாம். எங்கே, உட்கார்ந்தா நின்றா, யாரோடு, அதற்கு முன் என்ன நடந்தது, நிறுத்த முடிந்ததா? இவை போதும். ஆப் எந்த மொழியில் இருந்தாலும் பதிவை நீங்கள் அழும் மொழியிலேயே எழுதுங்கள்.

பத்தாம் நாள் பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ராத்திரியில் என்ன தவறு செய்கிறேன் என்று தேடத்தான் திறந்தேன். கண்ணில் பட்டது பகல். காலை 7 மணிக்கு ஒரு காப்பி. அதற்கப்புறம் சாயங்காலம் 6 மணி வரை வெறும் வெள்ளை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்தில் ஏழு நாள். பதினோரு மணி நேரம் உடம்பைக் காயப்போட்டுவிட்டு, ராத்திரி அது பாய்ந்து வந்ததும் என் குணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எட்டு வருடம் யோசித்தும் தெரியாதது பத்து நாள் பதிவில் தெரிந்தது.

அதனால் இரண்டாவது படி, நேரத்துக்குச் சாப்பிடுவது. சிபிடி சிகிச்சையின் முதுகெலும்பே இதுதான். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிற்றுண்டி, இடைவெளி மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் போகாமல். ஆப்பில் ஆறு நினைவூட்டல் வைத்தேன். மணி அடித்தால் சாப்பிட வேண்டும், பசி இருக்கிறதோ இல்லையோ. முந்தைய ராத்திரி எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. எனக்கு இதுதான் மிகக் கடினமாக இருந்தது. எடை ஏறிவிடும் என்று பயந்து நடுங்கினேன். நாளுக்கு நான்கு தடவை எடை பார்த்தவள், வாரம் ஒருமுறை என்று குறைத்துக்கொண்டேன். இந்தச் சிகிச்சை எடையைக் குறைப்பதற்காக அல்ல. அதை எதிர்பார்த்துத் தொடங்கினால் நடுவில் விட்டுவிடுவீர்கள்.

அப்படியும் கட்டுக்கடங்காமல் சாப்பிடும் உந்துதல் வரும். அதற்கு ஒரு பட்டியலை முன்கூட்டியே ஆப்பில் எழுதி வையுங்கள், வரும் நேரத்தில் யோசிக்க முடியாது. டிவி பார்ப்பது பட்டியலில் வேண்டாம், கை சும்மா இருக்கும். என் பட்டியலில் இருந்தவை: குளிப்பது, தங்கைக்குப் போன் செய்வது, துணி மடிப்பது. ஒரு புதன்கிழமை ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். 9.40-க்கு உந்துதல் வந்தது. அதன் வேகம் பத்துக்கு எட்டு என்று ஆப்பில் குறித்தேன். 20 நிமிட டைமரை ஓடவிட்டு, காய்ந்த துணியைக் கட்டிலில் கொட்டி மடிக்க ஆரம்பித்தேன். ஐந்தாவது நிமிடம் ஒன்பது. கை நடுங்கியது, ஒரு சட்டையை மூன்று தடவை மடித்தேன். பன்னிரண்டாவது நிமிடம் ஆறு. டைமர் அடித்தபோது மூன்று. அன்று சாப்பிடவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டேன். ஆனால் உந்துதல் ஏறிக்கொண்டே போகாது, ஒரு கட்டத்தில் இறங்கும் என்பதை என் எண்களிலேயே பார்த்துவிட்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

"தொடர்ந்து 6 நாள்!" என்று பதக்கம் காட்டும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஏழாம் நாள் தவறினால் அது பூஜ்யத்துக்குப் போகும். நம் மனசும் கூடவே போகும்.

ஆப்பைத் தனியாகப் பயன்படுத்துகிறவர்களில் பலர் சில வாரங்களில் திறப்பதையே விட்டுவிடுகிறார்கள். நானும் மூன்றாம் வாரம் விட்டேன். திரும்பக் கொண்டுவந்தது தங்கைதான். ஞாயிறுதோறும் 20 நிமிடம் அவளோடு பேசுவேன். அவள் அறிவுரை சொல்ல மாட்டாள். "அக்கா, இந்த வாரம் எத்தனை நாள் எழுதினே? மதியம் சாப்பிட்டியா?" அவ்வளவுதான். எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், இந்த நோய் உள்ள பெரியவர்களுக்கு முதலில் தரச் சொல்வது, ஒருவரின் துணையோடு செய்யும் சுயஉதவிதான். 16 வாரத்தில் 4 முதல் 9 தடவை, தடவைக்கு 20 நிமிடம் என்று உதாரணமும் தருகிறது. பயிற்சி பெற்ற ஆலோசகர் கிடைத்தால் அவரே சிறந்த துணை. கிடைக்காவிட்டால், உங்களை எடைபோடாத ஒருவர். உங்கள் தட்டையும் இடுப்பையும் பார்த்துப் பேசுகிறவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் வேண்டாம்.

தொடங்கும் நாளிலேயே காலண்டரில் நான்காவது வார முடிவைக் குறித்துவையுங்கள். நேர்மையாகச் செய்தும் அன்றுவரை எந்த மாற்றமும் இல்லையென்றால் ஆப்பைக் குறை சொல்லி இன்னொரு ஆப்புக்குத் தாவாதீர்கள். நைஸ் வழிகாட்டுதலும் 4 வாரத்தில் பலனில்லை என்றால் அடுத்த படியாகக் குழுவாகத் தரும் சிபிடி சிகிச்சைக்குப் போகச் சொல்கிறது. போகும்போது பதிவுகளைக் கொண்டு போங்கள். மருத்துவர் முன்னால் வாய் வராதவர்களுக்கு அது பெரிய உதவி. நான் என் பதிவுகளை அச்செடுத்து, ஒன்றும் பேசாமல் மேசைமேல் வைத்தேன்.

எனக்கு நான்காம் வாரத்தில் வாரம் ஐந்து ராத்திரி என்பது இரண்டாகக் குறைந்தது. நான்காம் மாதத்தில் ஒன்றும் இல்லை. ஆறாம் மாதம், வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்த ராத்திரி, மறுபடியும் வந்தது. எழுதினேன். தங்கைக்கு ஒரு வரி அனுப்பினேன். மறுநாள் மணி அடித்தது. அதற்கு நான் எழுதிய பதிவு:

"காலை 8.15. மேசை. உட்கார்ந்து. பசி இல்லை. சாப்பிட்டேன்."