ரிவால்வரில் தோட்டா நிரப்பும் நேரத்தை நான் குறைத்த விதம்

டெக்சாஸில் வார இறுதியில் நடக்கும் ஐடிபிஏ போட்டிகளுக்கு, அதாவது தற்காப்புக் கைத்துப்பாக்கிச் சுடும் போட்டிகளுக்கு, .38 ஸ்பெஷல் தோட்டாவோடு ஆறு தோட்டா அறை கொண்ட ரிவால்வரைத்தான் எடுத்துப் போகிறேன். குறி தவறுவது குறைவு. ஆறும் தீர்ந்து மறுபடி நிரப்பும்போதுதான் நேரம் போய்விடும். ஆறு தோட்டாவையும் ஒரே தடவையில் இறக்கும் வட்டக் கருவிதான் ஸ்பீட்லோடர். அதில் இருக்கும் ஆறில் நாலு இறங்கும், இரண்டு அறையின் வாயிலேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

என் கைதான் சரியில்லை என்று நினைத்து மாதக்கணக்கில் பழகினேன். கடைசியில் பார்த்தால் காரணம் தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டின் வடிவம். நான் போட்டுக்கொண்டிருந்தது செமி வாட்கட்டர், தட்டை முனையும் சுற்றிலும் தோள்பட்டை மாதிரி ஒரு விளிம்பும் உள்ள குண்டு. காகிதத்தில் அழகாக வட்ட ஓட்டை போடும், சரி. ஆனால் அதன் கூரான தோள்பட்டை அறையின் விளிம்பில் இடிக்கும். 158 கிரெயின் எடையுள்ள உருண்டை மூக்குக் குண்டுக்கு மாறினேன். கொஞ்சம் விலகி வந்தாலும் மூக்கு தானே வழி பார்த்து உள்ளே போகிறது. எவ்வளவு நிம்மதி!

அப்புறம் ஸ்பீட்லோடர். குமிழைத் திருகும் வகை தோட்டாக்களை உறுதியாகப் பிடித்திருக்கும், பையில் போட்டுக்கொள்ள நல்லது. ஆனால் திருகும்போது தோட்டா அறைகள் இருக்கும் சிலிண்டரும் கூடவே சுற்றப் பார்க்கும். போட்டிக்கு, அழுத்தினாலே விடுவிக்கும் சஃபாரிலேண்ட் காம்ப் 2 தான் எனக்குப் பிடித்தது.

இடப்பக்கக் கைப்பிடி மரம் லோடரில் உரசியது, உப்புத்தாளால் தேய்த்துக் குறைத்தேன். வெற்றுக் கூடுகளைத் தள்ளும்போது குழல் வானம் பார்க்க வேண்டும், நிரப்பும்போது தரை பார்க்க வேண்டும். வீட்டில் பழக, வெடிக்காத டம்மி தோட்டா மட்டும்தான். நான் பழகும் வீட்டு அறைக்குள்ளேயே நிஜத் தோட்டா வராது.