ஆன்லைன் ஆப்டிட்யூட் தேர்வில் மார்க் போகும் இடங்கள்

கீழக்கரை, தொண்டி, சாயல்குடிப் பக்கம் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகள் பலர், கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுக்க வைக்கும் ஆன்லைன் ஆப்டிட்யூட் தேர்வுக்கு முந்தின வாரம்தான் ஃபார்முலா நோட்டைத் திறக்கிறார்கள். கேட்பதென்னவோ பெரும்பாலும் பள்ளிக்கூடக் கணக்கு: சதவீதம், விகிதம், லாப நட்டம், ஆளும் நாளும். மார்க் போவது நேரத்தில்தான். 20 கேள்விக்கு 25 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 75 விநாடி. கடிகாரம் வைக்காமல் போட்டுப் பழகியவருக்கு அது போதாது.

அவசரத்தில் எல்லோரும் சறுக்கும் கணக்கு ஒன்று. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு 40 கி.மீ. வேகத்தில் போன வேன், அதே வழியில் 60 கி.மீ. வேகத்தில் திரும்புகிறது. சராசரி வேகம்? 50 என்று கை தானாகப் போகும். விடைகளில் 50-ஐயும் வைத்திருப்பார்கள். மெதுவாகப் போனபோது அதிக நேரம் ஓடியிருக்கிறது. அதனால் 2×40×60-ஐ 40+60, அதாவது 100-ஆல் வகுக்க வேண்டும், விடை 48. தூரமே தேவையில்லை.

தவறான விடைக்குக் கால் மார்க் பிடிப்பார்கள் என்றதும் சந்தேகமான கேள்வியை எல்லாம் விட்டுவிடுவது இன்னொரு தவறு. நாலு விடையில் இரண்டை உறுதியாகக் கழிக்க முடிந்தால், மீதி இரண்டில் ஒன்றைத் தொடுவது லாபமே. அப்படி எட்டுக் கேள்வியில் பாதி சரியானாலும் 4 மார்க் வந்து 1 மார்க் போகும். ஆனால் 'கடினமானதைக் கடைசியில் பார்ப்போம்' என்ற திட்டம் எல்லா இடத்திலும் நடக்காது. பல கம்பெனிகள் ஆள் எடுக்கப் பயன்படுத்தும் ஆம்கேட் (AMCAT) மாதிரித் தேர்வுகளில் நம் பதிலைப் பார்த்தே அடுத்த கேள்வி வரும். பின்னால் போக முடியாது. விதிமுறைப் பக்கத்தை முதல்நாளே படித்துவிடுங்கள்.

படிப்புக்குச் சமமாகக் கவனிக்க வேண்டியது வீட்டு ஏற்பாடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கரையில் கரண்டும் சிக்னலும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லேப்டாப் முழு சார்ஜில் இருக்கட்டும். வேறு கம்பெனி சிம் உள்ள இரண்டாவது போனில் ஹாட்ஸ்பாட்டை முன்கூட்டியே இணைத்துப் பார்த்து, அதைத் தேர்வு நேரத்தில் நம்மைக் கண்காணிக்கும் லேப்டாப் கேமராவில் தெரியாதபடி அடுத்த அறையில் வையுங்கள். மேசையில் போன் தெரிந்தாலே சந்தேகக் குறி விழும். ஸ்பீடு பார்க்கும்போது அப்லோடையும் பாருங்கள், கேமராப் படம் போவது அதில்தான். வாட்ஸ்அப் வெப், விண்டோஸ் அப்டேட் இரண்டையும் நிறுத்துங்கள். நடுவில் வேறு விண்டோ திறந்தால் சில தேர்வுகள் தானாக முடிந்துவிடும். பிரவுசிங் சென்டரை நம்ப வேண்டாம்: பின்னால் ஆள் நடமாட்டம் கேமராவில் விழும், தேர்வுக்கான பிரவுசரை அங்கே இன்ஸ்டால் செய்யவும் பல நேரம் விடமாட்டார்கள்.

கடைசியாக, பெயர். ஆதாரில் இனிஷியல், விண்ணப்பத்தில் அப்பா பெயர் முழுசாக என்றிருந்தால் அடையாளச் சோதனையிலேயே தடங்கல் வரும். விண்ணப்பிக்கும்போதே ஆதாரை எதிரில் வைத்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே டைப் செய்யுங்கள்.