பிளாப்பி டிரைவ் வாசிக்கவில்லையா? முதலில் டிஸ்கைப் பாருங்கள்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து ஈரத்தில் பழைய 3.5 அங்குல பிளாப்பிக்குப் பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். தகட்டு மூடியை ஒதுக்கி, பின்பக்க நடுவில் உள்ள உலோக வட்டைச் சுழற்றிச் சுழற்றி, உள்ளே தெரியும் டிஸ்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டிரைவுக்குள் போடவே வேண்டாம். டிஸ்கை வாசிக்கும் பாகமான ஹெட்டில் அழுக்கு ஒட்டி, அடுத்து போடும் நல்ல டிஸ்கையும் கீறிவிடும்.

ஏற்கெனவே போட்டாயிற்றா? சரி, கரண்டை நிறுத்திவிட்டு, ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் இரண்டு ஹெட்டையும் மெல்லத் துடையுங்கள். மேல் ஹெட்டை அதிகம் தூக்காதீர்கள்; அதன் மெல்லிய தகடு வளைந்தால் டிரைவ் போச்சு. நன்றாகக் காய்ந்த பிறகு, தேவையில்லாத டிஸ்க் ஒன்றைப் போட்டுச் சோதியுங்கள்.

டிரைவின் விளக்கு அணையாமலே எரிகிறதா? அது ஹெட் கோளாறில்லை. பெரும்பாலும் 34 முனை ரிப்பன் வயரைத் தலைகீழாகச் செருகியிருப்பீர்கள்.