பபிள் டீயில் காசு எங்கே கரைகிறது?

சிங்கப்பூரில் பலரும் கடையின் பெயரைப் பார்த்தே பபிள் டீ செலவைக் கணக்குப் போடுகிறார்கள். மிக்ஸுவே என்றால் மலிவு, கோய் என்றால் கொஞ்சம் கூட. ஆனால் கல்லாவில் நின்று ஆர்டர் சொல்லும் அந்த அரை நிமிடத்தில்தான் பாதிக் காசு போகிறது.

பலகையில் இருக்கும் விலை பெரும்பாலும் வெறும் டீக்குத்தான். மரவள்ளி மாவில் செய்த முத்து, புட்டிங், கற்றாழை என்று டாப்பிங்குகளை அடுக்கிக்கொண்டே போனால் மலிவுக் கடை டீயும் பெரிய கடை விலைக்கு வந்துவிடும். டாப்பிங் கூடக் கூட, கப்பில் டீ குறையும் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. ஒன்று போதும்.

"ஐஸ் வேண்டாம்" என்றால் டீ நிறையக் கிடைக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அளந்து ஊற்றுகிற கடையில் கப் முக்கால்வாசிதான் நிறையும். வீட்டுக்கு வரவழைப்பது அதைவிட மோசம்: செயலியில் டீயின் விலையே பல நேரம் கூடுதல், அதன்மேல் டெலிவரிக் கட்டணம் வேறு.

மலிவுக் கடையில் பால் டீயைச் சீனி இல்லாமல் கேட்பதும் வீண். பாலுக்குப் பதில் கிரீமர் பொடி போட்டிருந்தால், சீனி குறைந்ததும் அதன் சுவைதான் நாக்கில் நிற்கும். அங்கே எலுமிச்சை டீ வாங்குவதே புத்திசாலித்தனம். 2023 டிசம்பர் 30 முதல், கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் முத்திரை வந்துவிட்டது; சீனி, நிறைவுற்ற கொழுப்பு அளவை வைத்து 'ஏ' முதல் 'டி' வரை போடும் தரம் அது. அந்தத் தரத்தில் டாப்பிங்கின் சீனி சேராது. 'பி' என்று பார்த்துவிட்டுச் சீனிப்பாகில் ஊறிய முத்தைச் சேர்த்தால் கணக்கு மாறிவிடும்.

அடிக்கடி குடிப்பவர்களுக்கு, பேரங்காடியில் ஒரு பொட்டலம் உலர்ந்த முத்து வாங்கி வீட்டில் செய்வதுதான் லாபம். ஆனால் ஜவ்வரிசி பழகிய கை, முதல் வேலையாக முத்தை ஊற வைத்துவிடும். சேலத்து ஜவ்வரிசியும் இந்த முத்தும் மரவள்ளி மாவுதான் என்றாலும், ஜவ்வரிசி ஆலையிலேயே சூடு பட்டு வருகிறது. முத்தில் இருப்பது பெரும்பாலும் வேகாத மாவு. பச்சைத் தண்ணீரில் போட்டால் கரைந்து கூழாகிவிடும். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் போட்டு, மிதந்து வரும்வரை மெதுவாகக் கிளறுங்கள். உடனடி வகை ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும், மற்றது அரை மணி நேரம்கூட எடுக்கும், பொட்டலத்தைப் படித்துவிடுங்கள். வடித்த சூட்டோடு பாகில் போடாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பாகுக்கு நாட்டுச் சர்க்கரையே போதும்.

டீக்குத் தனித் தூள் தேடி அலைய வேண்டாம். வீட்டில் இருக்கும் டஸ்ட் டீயையே, ஐஸ் கரையும் என்பதால், தண்ணீர் குறைத்துக் கடுப்பமாக இறக்குங்கள்.

மிஞ்சிய முத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் விறைத்து, மென்றால் மாவு மாவாக இருக்கும். அதனால் ஒரு ஆளுக்குக் கால் கப் உலர்ந்த முத்து என்று, குடிக்கிற அன்று வேகவைத்தால் போதும்.