பிள்ளைகளின் குளிர்கால உடுப்பு: காசு எங்கே வீணாகிறது?

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் உள்ள நம் குடும்பங்கள் பல, முதல் பனி கொட்டிய பிறகுதான் பிள்ளைகளுக்குக் குளிர் உடுப்பு வாங்கக் கடைக்கு ஓடுகின்றன. செலவைக் கூட்டும் முதல் தவறு இதுதான். ஓகஸ்ட் கடைசியிலேயே குளிர்கால உடுப்புகள் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. நவம்பர் நடுப்பகுதியில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் விலை கூடியவையோ, பிள்ளைக்குப் பொருந்தாத அளவுகளோதான் மிஞ்சியிருக்கும். மாறாக, டிசம்பர் 26ஆம் திகதி பொக்சிங் டே கழிந்த பிறகு விலைகள் இறங்கத் தொடங்கி, வசந்தகால உடுப்புகளுக்கு இடம் தேவைப்படும் பெப்ரவரியில் நன்றாகவே குறைந்துவிடும். நான்கு வயது தொடக்கம் பருவமடையும் வரை ஒரு பிள்ளை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்ரிமீற்றர் வளரும் என்பதால், அடுத்த ஆண்டுக்கான ஜக்கெற்றையும் ஸ்னோ பான்ற்ஸையும் அப்போதே ஓர் அளவு கூட்டி வாங்கிவைக்கலாம். சப்பாத்தை மட்டும் அப்படி வாங்க வேண்டாம். கால் எவ்வளவு வளரும் என்பதை முன்கூட்டிச் சரியாகக் கணிக்க முடியாது.

“வளர்கிற பிள்ளைதானே” என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது, பார்வைக்குச் சிக்கனமாகத் தெரிந்தாலும் உண்மையில் நட்டம். நீளமான ஸ்னோ பான்ற்ஸின் கால் ஓரம் குதிக்காலுக்கு அடியில் சிக்கி, நடைபாதையில் தூவிய உப்பிலும் கல்லிலும் உரசி, ஓரிரு மாதங்களிலேயே கிழியத் தொடங்கும். அடுத்த ஆண்டு அளவு சரியாக வரும்போது அது உதவாது. தொளதொளத்த ஜக்கெற்றுக்குள் கீழிருந்து காற்று புகுவதால் பிள்ளைக்குக் குளிரும் அடங்காது. ஓர் அளவு கூட்டி வாங்கினால் போதும். கொலம்பியா நிறுவனத்தின் சில சிறுவர் ஜக்கெற்றுகளில் கையின் உட்புறத்தில் இருக்கும் தனி நிறத் தையலைப் பிரித்துவிட்டால் கை சற்று நீளும். அத்தகையதை இன்னொரு குளிர்காலத்துக்கும் நம்பி வாங்கலாம்.

அடுத்த தவறுதான் என் கருத்தில் எல்லாவற்றிலும் பெரியது: கையிலுள்ள காசு முழுவதையும் ஜக்கெற்றிலேயே போட்டுவிட்டு, சப்பாத்தையும் கையுறையையும் மலிவாக முடித்துக்கொள்வது. கடுங்குளிர் நாட்கள் தவிர மற்ற நாட்களில், இங்குள்ள பள்ளிகள் இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியேதான் அனுப்புகின்றன. பனியில் உருண்டு புரளும் பிள்ளைக்கு முதலில் நனைவது கையும் காலும். நனைந்த பிறகு எவ்வளவு விலையுயர்ந்த ஜக்கெற்றும் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றாது. ஆகவே விரல்கள் ஒன்றாக இருக்கும், நீர் புகாத, மணிக்கட்டுக்கு மேல் ஏறும் கையுறை இரண்டு சோடி வேண்டும். பின்னிய கம்பளிக் கையுறை பனியைப் பிடித்து ஈரமாகிவிடும். சப்பாத்து வாங்கும்போது உள்ளுறையைக் கழற்றி எடுக்கக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். இரவில் அதை வெளியே எடுத்துவைத்தால் காலைக்குள் உலர்ந்துவிடும். அதோடு, அந்த உள்ளுறையின் மீது பிள்ளையை நிற்கவைத்து, பெருவிரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். குளிருகிறதே என்று இரண்டு பருத்திக் காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிடுவது தவறு. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இறுகிய சப்பாத்துக்குள் காலும் விறைக்கும். ஒரே ஒரு கம்பளிக் காலுறை அதைவிட நல்லது.

பழைய உடுப்பு என்றாலே முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள் என்பது வருத்தமானது. ஒரு பிள்ளை ஒரே குளிர்காலம் போட்ட ஜக்கெற் பெரும்பாலும் புதியது போலவே இருக்கும். வல்யூ வில்லேஜ் போன்ற கடைகளில் அது புதியதன் விலையில் ஒரு பங்குக்கே கிடைக்கும். ஆனால் பார்க்காமல் வாங்குவதும் தவறுதான். சிப்பை மேலும் கீழும் பலமுறை இழுத்துப் பாருங்கள், ஏனெனில் அதை மாற்றத் தையற்காரர் கேட்கும் கூலி சில வேளை ஜக்கெற்றின் விலையையே தாண்டிவிடும். முழங்கால் தேய்ந்திருக்கிறதா, மணிக்கட்டு இலாஸ்ரிக் தளர்ந்திருக்கிறதா, சப்பாத்தை மடக்கும்போது அடிப்பகுதி ஒட்டிய இடத்தில் வெடிப்புத் தெரிகிறதா என்பவற்றையும் கவனியுங்கள்.

வரியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்ராறியோவில் விற்பனை வரி 13 சதவீதம் என்றாலும் சிறுவர் உடுப்புக்கும் சப்பாத்துக்கும் 5 சதவீதம் மட்டுமே அறவிடப்படும். பெண் பிள்ளைகளுக்கு 16ஆம் அளவு வரையும், ஆண் பிள்ளைகளுக்கு 20ஆம் அளவு வரையும், சப்பாத்துக்கு 6ஆம் அளவு வரையும் இது பொருந்தும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பெரியவர்கள் பிரிவுக்குக் கூட்டிச் செல்லும் முன், சிறுவர் பிரிவின் பெரிய அளவுகளை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

கடைசியாக, வாங்கியதைத் துவைப்பதிலும் காசு கரைகிறது. துணி மென்மையாக்கி இட்டுத் துவைத்தால் நீரைத் தள்ளும் தன்மை குறைந்து, அடுத்த பனிக்கே ஜக்கெற் ஊறத் தொடங்கும். இறகு நிரப்பிய ஜக்கெற்றைக் குறைந்த சூட்டில், இரண்டு ரெனிஸ் பந்துகளோடு டிரையரில் போட்டு, உள்ளே கட்டி எதுவும் கையில் தட்டுப்படாமல் போகும் வரை உலர்த்துங்கள். ஏப்ரலில் ஈரத்தோடு மடித்துவைத்த ஜக்கெற்றில் பூஞ்சணம் பிடித்துவிட்டால், தம்பி தங்கைக்குக் கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது.