கடன் நோட்டை ஒருவரிடம் காட்டுங்கள்

கடனில் சிக்கியிருந்தால், முதலில் யாருக்கு எவ்வளவு தரவேண்டும், என்ன வட்டி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மளிகைக் கடைப் பாக்கியையும் விடாதீர்கள். மகனின் பழைய கணக்கு நோட்டில் எழுதிக் கூட்டினேன்: 1,86,000 ரூபாய். அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அடுத்து, அதை ஒருவரிடம் காட்டுங்கள். கடினம் இதுதான். திட்டினாலும் பரவாயில்லை, ஊரெல்லாம் சொல்லாதவராக இருக்கவேண்டும். என் அக்கா அரைமணி நேரம் திட்டிவிட்டு, "ஐந்து வட்டிக் கடனை முதலில் முடி" என்றாள். ஐந்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 5 ரூபாய், ஆண்டுக்கு 60! அவளுடைய இரண்டு வளையல்களை வங்கியில் அடகு வைத்து அந்த 40,000 ரூபாயை அடைத்தோம். வங்கி வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்கூட ஆகவில்லை.

பணம் கட்டத் தனியாகப் போகாதீர்கள். நான் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த வெற்றுப் பத்திரத்தைத் திரும்ப வாங்கும்வரை அக்கா கடன் கொடுத்தவரின் வாசலைவிட்டு நகரவில்லை. மிரட்டினால் காவல் நிலையத்துக்குப் போகலாம். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது.

மீதிக்கு மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் கேட்டேன். இன்னும் பதினொரு தவணை. நோட்டு அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது; மாதாமாதம் அவளே கோடு கிழிக்கிறாள்.