கோப்புப் பெயரில் திருத்த எண் வேண்டாம்

கட்டுமானத் தகவல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலையைப் பின்பற்றும் பிரிட்டன் கட்டுமானத் திட்டம் ஒன்றில் நீங்கள் பணிபுரிந்தால், பிம் (கட்டடத்தின் தகவல்கள் அடங்கிய கணினி வடிவம்) மாதிரிக் கோப்பின் பெயருக்குள் திருத்த எண்ணையோ, "இறுதி", "புதியது" போன்ற சொற்களையோ சேர்க்காதீர்கள். கட்டடக் கலைஞர் அனுப்பிய மாதிரியைக் கட்டமைப்புப் பொறியாளர் தம் ரெவிட் மென்பொருள் கோப்பில் இணைத்து வைத்திருப்பார். அடுத்த வாரம் அதே மாதிரி வேறொரு பெயரில் வந்து சேர்ந்தால், மென்பொருள் பழைய கோப்பையே காட்டிக்கொண்டிருக்கும், அல்லது இணைப்பு அறுந்துவிடும். இவற்றுள் முதலாவதே ஆபத்தானது. ஏனெனில் அது எந்த எச்சரிக்கையும் தராது.

பெயரில் இருக்க வேண்டியவை மாறாத விவரங்களே: திட்டக் குறியீடு, உருவாக்கிய நிறுவனம், கட்டடப் பகுதி, தளம், கோப்பு வகை, துறை, வரிசை எண். திருத்த எண்ணும், கோப்பை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் நிலைக் குறியீடும் பொதுத் தரவுச் சூழலில் (திட்டக் குழுக்கள் கோப்புகளைப் பகிரும் பொதுச் சேமிப்பகத்தில்) தனிப் புலங்களாக நிரப்பப்பட வேண்டும். திருத்த எண்ணில் பி01.03 என்பது குழுவுக்குள் நடக்கும் வேலையின் மூன்றாம் பதிப்பைக் குறிக்கும். பிறருடன் பகிரும்போது அது பி01 ஆகும். ஒப்பந்த ஆவணமாக ஏற்கப்பட்டால் சி01.

தரவிறக்கிய கோப்புடன் இந்தப் புலங்கள் வருவதில்லை என்பதால், வரைபடத்தின் தலைப்புக் கட்டத்திலும் அவற்றை அச்சிடுங்கள். பலரும் கவனிக்கத் தவறுவது நிலைக் குறியீட்டைத்தான்: எஸ்1 எனக் குறிக்கப்பட்ட கோப்பு ஒருங்கிணைப்புக்கு மட்டுமே உரியது, அதைக் கொண்டு பணியிடத்தில் கம்பி வெட்டத் தொடங்கலாகாது.